கார்பன் குறைக்க அரசு மானியம்: வாங்கிப் பார்த்தவன் சொல்கிறேன்

போன மாதம் மானியப் பணம் கணக்கில் ஏறியதாக போனில் மெசேஜ் வந்தபோது நான் ஃபேக்டரி வாசலில் விறகு லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். 3 லட்சம் ரூபாய். கடைசிக் காகிதம் கொடுத்து 14 மாதம் ஆகியிருந்தது. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை, வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லவும் செய்தேன். ஆனால் அந்த நிமிடமே என் மண்டையில் ஓடியது வேறு: லாரியில் வந்திருக்கும் இந்தக் கட்டையில் தண்ணீர் எவ்வளவு? இந்த 14 மாதத்தில் எனக்குள் நடந்த மாற்றம் அதுதான், அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கோத்தகிரிக்குக் கீழே எங்களுடையது ஒரு சின்ன தேயிலை ஃபேக்டரி. சொந்தத் தோட்டம் பேருக்குத்தான், சுற்றியிருக்கிற சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கி சி.டி.சி. தூள் போடுகிறோம், அதாவது இலையை ரோலரில் நசுக்கி, வெட்டி, சுருட்டிச் செய்கிற டீத்தூள். கொழுந்து நன்றாக வரும் மாதங்களில் ஒரு நாளைக்கு 1,500 கிலோ தூள் வரும், ஜனவரியில் உறைபனி விழுந்தால் பாதிக்கும் கீழே. அப்பா நடத்தியது, இப்போது நானும் அண்ணனும் பார்க்கிறோம். கணக்கு, மனு, ஆபீஸ் அலைச்சல் எல்லாம் என் தலையில். அதனால்தானோ என்னவோ, "மானியம் வாங்கினீங்களாமே, எப்படி, வாங்கலாமா?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் திட்டத்தில் வாங்கினேன், எந்த அலுவலகம் என்று பெயர் போடப் போவதில்லை. அடுத்த மனுவையும் அதே மேஜையில்தான் வைக்க வேண்டும். மேஜைக்குப் பின்னால் இருப்பவர்களில் நல்லவர்களும் உண்டு. சரி.

தேயிலை ஃபேக்டரி எரிசக்தியைக் குடிக்கிற இடம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பச்சைத் தேயிலை நாலரை கிலோ போட்டால் ஒரு கிலோ தூள் வருகிறது. மீதி மூன்றரை கிலோ எங்கே போனது? எல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காற்றாலும் சூட்டாலும் துரத்துவதுதான் எங்கள் தொழிலே. முதலில் டிரஃப் என்கிற நீளத் தொட்டியில் பரப்பி ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டி வாட்டுகிறோம், அப்புறம் சி.டி.சி. ரோலரில் வெட்டி, புளிக்கவைத்து, 120 டிகிரிக்கு மேல் சூடான காற்றில் டிரையரில் உலர்த்தி, 3 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருகிறோம். ஃபேனுக்கும் மோட்டாருக்கும் கரண்ட், டிரையருக்கு விறகு. மொத்த எரிசக்தியில் முக்கால் பங்குக்கு மேல் அடுப்புக்குத்தான் போகிறது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இதைச் சுற்றித்தான் வருவேன்.

இந்த மாதிரி உதவி நீலகிரிக்குப் புதிதில்லை. 2008 வாக்கில் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் பணம் போட, தேயிலை வாரியத்தோடு சேர்ந்து பெங்களூரைச் சேர்ந்த டைடு நிறுவனம் தென்னிந்தியாவின் சிறு தேயிலை ஃபேக்டரிகளுக்காக எரிசக்திச் சேமிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. குன்னூரில் நடந்த கூட்டம் ஒன்றுக்கு அப்பா போனார். ஃபைல், பேனா, மதியச் சாப்பாடு, நல்ல பேச்சு. திரும்பி வந்து, "அவங்க சொல்றதெல்லாம் சரி, ஆனா நம்ம அடுப்பு நம்ம பேச்சைத்தான் கேக்கும்" என்று ஃபைலை அலமாரியில் வைத்துவிட்டார். பல வருடம் கழித்து மானியத்துக்கு அலைந்தபோது நான் அந்த ஃபைலை எடுத்துப் பார்த்தேன். விறகைக் காயவைத்துப் போடுங்கள், சின்னதாகப் பிளந்து போடுங்கள் என்று அதில் அப்போதே இருக்கிறது. வயிறு எரிந்தது.

மானியம் கேட்க முதல் படி எனர்ஜி ஆடிட். அங்கீகாரம் பெற்ற ஆடிட்டர் வந்து எங்கே எவ்வளவு வீணாகிறது என்று அளந்து அறிக்கை தர வேண்டும், அதில் பரிந்துரைத்த இயந்திரத்துக்குத்தான் மானியம். இதற்கு நான் இரண்டு முறை பணம் கொடுத்தேன். முதலில் பிடித்த நிறுவனம், பெயர் வேண்டாம், மேட்டுப்பாளையம் தாண்டிக் கீழே எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பதினொரு மணிக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள், மோட்டார்களின் நேம் பிளேட்டை போட்டோ எடுத்தார்கள், மூன்று மாதக் கரண்ட் பில் வாங்கிக்கொண்டார்கள், டீ குடித்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். பத்து நாளில் எண்பது பக்க அறிக்கை, பைண்டிங் எல்லாம் பிரமாதம். 43ஆம் பக்கத்தில் எங்கள் சாயப்பட்டறைத் தொட்டிகளின் வெப்ப இழப்பைக் குறைக்க மூடி போடச் சொல்லியிருந்தது. சாயப்பட்டறை! யாரோ திருப்பூர்க்காரருடைய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதையும் ஒழுங்காகப் படித்துப் பார்க்கவில்லை. அண்ணன் ஒரு வாரம் என்னைச் "சாயம்" என்றே கூப்பிட்டான்.

இரண்டாவது ஆள் தனி மனிதர், வேலையை விட்டு வெளியே வந்த இன்ஜினியர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். போனிலேயே முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை மணிக்கு ஃபேன் போடுவீங்க?" அப்போதே தெரிந்துவிட்டது. மூன்று நாள் தங்கினார். கையில் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர், காற்று வேகம் அளக்கிற கருவி, புகைபோக்கியில் விட்டு ஆக்சிஜனும் சூடும் பார்க்கிற கருவி, அப்புறம் விறகில் குத்தினால் ஈரம் சொல்கிற ஒரு சின்ன மீட்டர், இரண்டு ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வேலை முடித்துக் கிளம்பப் போனவர், கேட்டுக்கு வெளியே காட்டெருமை இரண்டு நின்றிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி வந்து, "சரி, விடியிற வரைக்கும் அளந்துடலாம்" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த ராத்திரியில்தான் உண்மை வெளியே வந்தது. இலை ஏற்கெனவே வாடிப்போன பிறகும் எட்டு டிரஃபிலும் ஃபேன்கள் விடியும்வரை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் உள்பட யாரும் நிறுத்துவதில்லை, இருபது வருடமாக அப்படித்தான்.

அவர் ஒரு கணக்குச் சொன்னார், எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் கரண்டும் பாதியாகும் என்றுதானே நினைப்போம். அப்படி இல்லையாம், வேகத்தின் மும்மடிப் பெருக்கம் எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் இழுக்கும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் 0.8 இன்டு 0.8 இன்டு 0.8, கரண்ட் கிட்டத்தட்டப் பாதி. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்ததற்கே பாதிக் கரண்ட் மிச்சம். இதற்குத்தான் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் என்ற கருவியைப் போடச் சொல்கிறார்கள், வி.எஃப்.டி. என்பது அதுதான். காற்று அதே அளவு வேண்டாத நேரத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் காலையில் விறகு அடுக்குக்குப் போனார். எங்களிடம் வருவது பெரும்பாலும் கற்பூர மரம், கொஞ்சம் சீகை, எப்போதாவது சில்வர் ஓக். வெட்டி ஒரு வாரத்தில் லாரியில் ஏறி வந்து, திறந்த வெளியில் மழையில் நனைந்து, நேராக அடுப்புக்குள் போகும். மீட்டரைக் குத்தினார். 48. இன்னொன்றில் 52. என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க ஒரு லாரி விறகு வாங்கல. அரை லாரி விறகும் அரை லாரி தண்ணியும் வாங்குறீங்க" என்றார். தேயிலைத் தண்ணீரை விரட்ட அடுப்பு மூட்டி, அந்த அடுப்புக்குள்ளேயே இன்னொரு தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். பக்கத்தில் நின்ற எங்கள் ஃபயர்மேன் அண்ணா, முப்பது வருடமாக அடுப்பு பார்ப்பவர், மெதுவாக, "இதைத்தான் நான் உங்க அப்பாகிட்டயும் சொன்னேன் தம்பி" என்றார். மீட்டர் சொன்னால்தான் நாம் கேட்போம் போல.

புகைபோக்கியில் சூடு 320 டிகிரி. அடுப்புக் கதவை எந்நேரமும் ஒரு சாண் திறந்தே வைத்திருந்தோம், நீளக் கட்டை உள்ளே முழுசாகப் போகாது, அதனால். அந்த இடைவெளி வழியாகக் குளிர்காற்று போய் சூட்டை இழுத்துக்கொண்டு மேலே போகிறது. டிரையருக்குப் போகிற காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் குழாய்கள் சிலவற்றில் ஓட்டை.

அறிக்கை முப்பது பக்கம்தான், பைண்டிங் கிடையாது, ஸ்டேப்ளர். ஆனால் ஒவ்வொரு வரியும் எங்கள் ஃபேக்டரியைப் பற்றியது. ஆடிட் கட்டணத்திலும் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. அந்த மனிதருக்குப் பத்துக்குப் பத்து. சாயப்பட்டறைக்கு என்ன போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி மானியம். எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிற இடம் இது. மானியம் என்றால் அரசு பணம் கொடுக்கும், நாம் இயந்திரம் வாங்குவோம் என்று நினைக்கிறார்கள். இல்லை. நீங்கள் முழுப் பணத்தையும் போட்டு வாங்கி, மாட்டி, ஓட்டி, பில்லும் போட்டோவும் கொடுத்து, அவர்கள் வந்து பார்த்து, அதற்கப்புறம்தான் ஒரு பங்கு திரும்ப வரும். அதாவது பணம் இருப்பவனுக்குத்தான் உதவி. எங்களைவிடச் சின்ன ஃபேக்டரிக்காரர் ஒருவர், போன வருடம் கொழுந்துக் காசே தவணையில் கொடுத்துக்கொண்டிருந்தவர், என்னோடு சேர்ந்து ஆடிட் செய்தார். 12 லட்சத்துக்கு எங்கே போவது என்று அதோடு நின்றுவிட்டார். திட்டம் எழுதுகிறவர்கள் அவரை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

இன்னொன்று முக்கியம். முன் ஒப்புதல் வாங்குவதற்கு முன்னால் ஒரு போல்ட் நட் கூட வாங்கக் கூடாது, பில் தேதி முந்தியிருந்தால் மனு காலி. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு, மூன்று கொட்டேஷன், ஜி.எஸ்.டி. பில், வங்கிக் கடிதம், பட்டயக் கணக்காளர் சான்றிதழ், பழைய மோட்டார் இருந்த போட்டோ, அதே கோணத்தில் புது மோட்டார் இருக்கிற போட்டோ. எங்கள் சர்வே எண்ணில் ஒரு துணை எண் பழைய பத்திரத்தில் ஒரு மாதிரியும் புதுப் பட்டாவில் வேறு மாதிரியும் இருந்தது, அதைச் சரிசெய்யவே ஆறு வாரம். ஒரு காகிதத்தை மூன்று முறை கொடுத்தேன், மூன்றாவது முறை கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். நீங்களும் முதல் முறையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

என் கணக்கை அப்படியே சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. எட்டு டிரஃபுக்கும் டிரைவும் திறன் கூடிய புது மோட்டாரும் 7 லட்சம், ஹீட்டர் குழாய் மாற்றி வெப்பக்காப்பு போட்டது 5 லட்சம், ஜி.எஸ்.டி. தனி, அது மானியக் கணக்கில் வராது. 9 லட்சம் வங்கிக் கடன், பத்தரை சதவீதம். மானியம் 3 லட்சம். அது உடனே வந்து கடனில் கழிந்திருந்தால் மிச்சமாகியிருக்கும் வட்டி 36,000 சொச்சம். சான்றிதழ், பத்திரம், வண்டிச் செலவு, வேலை கெட்ட நாள் எல்லாம் 30,000 என்று வையுங்கள். ஆக எனக்கு உண்மையில் கிடைத்தது இரண்டேகால் லட்சத்துக்குச் சற்று மேலே. 12 லட்சத்தில் அது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பணம் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள், வந்தால் தீபாவளி போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரங்களைப் பற்றி. டிரைவ் நல்ல பொருள், ஆனால் மாட்டியவர்கள் மலையைப் பார்த்தவர்கள் இல்லை. டிரைவ் இருக்கிற பேனலைக் கொண்டுபோய் இலை வாட்டுகிற மாடியிலேயே சுவரில் அறைந்துவிட்டார்கள். ஆறேழு டன் இலை ஈரத்தை விடுகிற அறை, வெளியே ஐப்பசி மூடுபனி. ஒரு வாரத்தில் பேனலுக்குள் முத்து முத்தாகத் தண்ணீர், தினம் ஒரு டிரைவ் டிரிப். கூப்பிட்டால், "மேல வர ஆள் இல்ல சார், வியாழக்கிழமை பார்க்கலாம்." எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை. கடைசியில் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன்தான் வந்து, பேனலைப் படிக்கட்டுப் பக்கம் மாற்றி, உள்ளே ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டார். அன்றிலிருந்து ஒரு டிரிப் இல்லை. மலையில் டிரைவ் போடுகிறவர்கள் பேனலுக்குள் சூடேற்றி ஒன்று சேர்த்தே கொட்டேஷன் கேளுங்கள், சர்வீஸ் எத்தனை மணி நேரத்துக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். மோட்டார்கள் பற்றி ஒரு குறையும் இல்லை.

பலன்? நல்ல மாதத்தில் 3,000 யூனிட் வரை குறைகிறது, கிட்டத்தட்ட 24,000 ரூபாய். தென்மேற்குப் பருவமழையில் இலை நனைந்தே வரும், அப்போது ஃபேன் முழு வேகத்தில்தான் ஓட வேண்டும், மிச்சம் பாதிகூட இருக்காது. இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இப்போது விறகுக்கு வருகிறேன். முன் ஒப்புதலுக்குக் காத்திருந்த ஐந்து மாதத்தில் சும்மா இருக்க முடியாமல் அந்தப் பெரியவர் சொன்னதைச் செய்தோம். பழைய இரும்புக் குழாய், செகண்ட் ஹேண்ட் தகடு, நடுநடுவே வெளிச்சம் விடுகிற பிளாஸ்டிக் தகடு, மூன்று பக்கம் திறப்பு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் அடுக்கு. ஷெட் செலவு 1,40,000. விறகை இரண்டரை அடிக்கு அறுத்து, பருமனானதைப் பிளந்து, இரண்டு மாதம் காயவைத்து, முதலில் வந்தது முதலில் போகும்படி சாக்பீஸில் தேதி எழுதி அடுக்கினோம். கட்டை முழுசாக உள்ளே போவதால் அடுப்புக் கதவை மூட முடிந்தது. முன்பு ஒரு கிலோ தூளுக்கு 1.4 கிலோ விறகு, ஐந்து மாதம் கழித்து 1.2. அப்புறம் மானியத்தில் ஹீட்டர் குழாய் மாற்றியதும் 1.15. காய்ந்த விறகு எடை குறைவதால் கணக்கில் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், இதெல்லாம் லாரியிலிருந்து இறங்கும்போது எடை மேடையில் பார்த்த ஈர எடைதான்.

பெருக்கிப் பாருங்கள். ஷெட்டால் நல்ல மாதத்தில் ஏழரை டன் விறகு மிச்சம், நாங்கள் வாங்குகிற விலையில் 37,000 ரூபாய்க்கு மேல். ஷெட்டுக்குப் போட்ட பணம் நாலே மாதத்தில் திரும்பிவிட்டது. 5 லட்சம் போட்டு மாற்றிய குழாயால் இரண்டு டன்கூட இல்லை. ஷெட்டுக்கு மானியம் கேட்டேன். "இது கட்டுமானம், இயந்திரம் இல்லை" என்று பதில். விறகு பிளக்கிற சின்ன மெஷினுக்காவது? அது எரிசக்திச் சேமிப்புக் கருவிப் பட்டியலில் இல்லை.

ஏன் இப்படி என்று யோசித்தேன், படித்தேன், ஒரு காரணம் பிடிபட்டது. கார்பன் கணக்கு எழுதும் விதம் அப்படி. நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருவதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கு. நான் மிச்சம் பிடித்த 3,000 யூனிட்டுக்கு மாதம் 2 டன் என்று அறிக்கையில் அழகாக எழுதலாம். ஆனால் விறகு எரிந்தால் வருகிற கார்பனை உலக அளவிலேயே எரிசக்திக் கணக்கில் சேர்ப்பதில்லை. மரம் திரும்ப வளரும்போது அதை இழுத்துக்கொள்ளும், காட்டுக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது வாதம். பாதி உண்மைதான், கற்பூர மரம் வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும், எங்கள் மலையில் பார்க்காததா. ஆனால் துளிர்த்து மறுபடி லாரி ஏற எட்டு பத்து வருடம். நான் எரிப்பது இன்று ராத்திரி. நான் மிச்சம் பிடித்த அந்த ஏழரை டன் கட்டை காகிதத்தில் பூஜ்யம். மானியம் கார்பன் குறைக்கத்தான் என்றால், கார்பன் வராததாகக் கருதப்படும் விறகுக்கு எப்படி மானியம் தருவார்கள்? அவர்கள் விதிப்படி அவர்கள் சரி. வெட்டிய சரிவைத் தினமும் பஸ்ஸில் பார்த்துக்கொண்டு போகிறவனுக்குத்தான் உறுத்துகிறது.

பெரிய ஆலைகளின் கதை வேறு. 2012இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 'பாட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம், காகிதம் என்று எட்டுத் துறைகளில் 478 ஆலைகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கு, இலக்கைத் தாண்டிச் சேமித்தால் சான்றிதழ், அதை விற்கலாம், சேமிக்காதவன் வாங்க வேண்டும். மானியமே இல்லாமல் கிடுக்கிப்பிடி. 2023இல் அறிவித்த கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் அதன் அடுத்த வடிவம். பிரிட்டனில் நேர்மாறாக, ஆலைகளுக்கு மாறுவதற்கென்றே 31.5 கோடி பவுண்டில் ஒரு நிதி தொடங்கி, பிறகு 50 கோடி பவுண்டுக்கு உயர்த்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், தேயிலை உலர்த்துகிற சிராக்கோ இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே பிரிட்டனின் பெல்ஃபாஸ்டில் செய்து வந்ததுதான், அந்தப் பெயரை இன்றும் எங்கள் பழைய ஆட்கள் சொல்வார்கள். அடுப்பைக் கொடுத்தவன் ஊரில் அடுப்பைத் திருத்தவும் பணம் இருந்தது.

நம் மாதிரிச் சின்னவர்களுக்கு இப்போது என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டைச் சொல்கிறேன். தமிழக அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறையில் 'பீஸ்' (PEACE) என்று ஒரு திட்டம், பெயரைக் கேட்டால் கட்டணம் வாங்குவது மாதிரி இருக்கும், ஆனால் தருகிற திட்டம்தான். ஆடிட் செலவில் ஒரு பங்கு, ஆடிட் சொன்னபடி மாற்றிய இயந்திரத்தில் ஒரு பங்கு. இன்னொன்று 2025 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய 'அடீட்டி' (ADEETIE), 1,000 கோடி ரூபாய். இது மானியமாகக் கையில் வராது, கடன் வட்டியில் கழிவு: குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதம், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதம். செங்கல், பீங்கான், கண்ணாடி, வார்ப்படம், ஜவுளி, காகிதம், தோல், உணவு பதப்படுத்தல் என்று 14 துறைகள், குறைந்தது 10 சதவீத எரிசக்தி குறைந்தாக வேண்டும், ஆடிட்டுக்கும் திட்ட அறிக்கைக்கும் உதவி உண்டு. என்னைக் கேட்டால் பின்னால் வருகிற மொத்தத் தொகையைவிட வட்டிக் கழிவு நல்லது. நான் வாங்கிய 9 லட்சத்துக்கு 5 சதவீதம் கழிந்திருந்தால் முதல் வருடமே 40,000க்கு மேல் கையில் நின்றிருக்கும், 14 மாதம் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. என்னோடு ஆடிட் செய்து நின்றுபோனவருக்கும் இதைத்தான் சொன்னேன், வங்கியில் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்.

மதிப்பெண் கேட்பீர்கள். ஆடிட், சரியான ஆள் கிடைத்தால், பத்துக்கு ஒன்பது, மானியமே கிடைக்காவிட்டாலும் செய்யுங்கள். மானியத் தொகைக்கு ஆறு, அது வந்து சேர்ந்த வேகத்துக்கு மூன்று. டிரைவுக்கு எட்டு, அதை மாட்டியவர்களுக்கு இரண்டு, எங்கள் எலக்ட்ரீஷியனுக்கும் அந்த குண்டு பல்புக்கும் பத்து. ஷெட்டுக்கு நான் மார்க் போட்டால் சொந்தப் பிள்ளைக்குப் போட்ட மாதிரி இருக்கும்.

சோதனைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். மழையில் நனைந்து வந்து, எட்டு டிரைவையும் எண்ணி, நம்பர் பிளேட்டோடு என்னையும் நிறுத்தி போட்டோ எடுத்தார். மழை விடும்வரை விறகு ஷெட்டில் நின்று டீ குடித்தோம். ஒரு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார், டங்கென்று சத்தம். "இது எந்தத் திட்டத்துல சார் போட்டீங்க?" என்று கேட்டார். எதிலும் இல்லை என்றேன். சிரித்தார், எழுதிக்கொள்ளவில்லை, அவர் படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

ஷெட்டில் ஒரே தொந்தரவு, காய்ந்த இடம் என்பதால் கரடி ஒன்று வந்து போகிறது. ராத்திரி ஷிப்டுக்காரர்கள் டார்ச் அடித்துவிட்டுத்தான் விறகு எடுக்கப் போகிறார்கள். அந்தப் பக்கம் ஒரு விளக்குப் போட வேண்டும்.

அடுத்து டிரையர் ஃபேனுக்கு மனு போடப்போகிறேன், இந்த முறை துணை எண் சரியாக இருக்கிறது. அதுவரை யாருக்காவது விறகின் ஈரம் பார்க்க வேண்டுமென்றால் எங்களிடம் ஆணி மீட்டர் ஒன்று இருக்கிறது, வந்து வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போன தடவை வாங்கிப்போனவர் தீர்ந்துபோன பேட்டரியோடு கொண்டுவந்து கொடுத்தார், அப்படிச் செய்யாதீர்கள்.